கழுத்து நோ: பயிற்சியும் உரிமையும்

(கடந்த மாத இளையோர் சந்திப்பில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். உரையின் நடுவில் வந்திருந்த எல்லோரும் எழும்பிப் பயிற்சி செய்தார்கள். வாசிக்கிற நீங்களும் செய்யலாம்.)



பேசத் தொடங்க முதல் ஒரு சின்னச் சோதனை. இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே அசையாமல் இருங்கோ. போனை ஒளிக்க வேண்டாம். உங்கட நாடி எங்கே நிற்கிறது என்று பாருங்கோ. நெஞ்சுக்கு நேர் மேலேயா, அதைத் தாண்டி முன்னுக்கா? தோள் இரண்டும் தன்பாட்டில் தொங்குகின்றனவா, காதுக்குக் கிட்ட ஏறி நிற்கின்றனவா? கடைசியாக எப்போது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தீர்கள்?

சிரிக்கிறீர்கள். நானும் வரும் வழியில் ரயிலில் நாற்பது நிமிடம் குனிந்தபடிதான் வந்தேன். இந்தப் பேச்சுக்கான குறிப்பைப் போனில் எழுதிக்கொண்டு வந்தேன்.

கழுத்துப் பயிற்சி பற்றிக் கதைக்க வரச்சொல்லி ஏற்பாட்டுத் தோழர்கள் கேட்டபோது, குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "இது எங்கட வேலையா? ஜிம்மில சொல்லிக் குடுக்கிறதை நாங்கள் ஏன் கதைக்கவேணும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். பாதி பயிற்சி, பாதி அரசியல். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறவள். மற்றவர்களின் கழுத்தைப் பார்ப்பதுதான் என் தொழில். 2022 ஜூலை 9, சனிக்கிழமை. கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போன நாள். இங்கே லண்டனில் அது காலை நேரம். கட்டிலில் படுத்தபடி, தலகணியை இரண்டாக மடித்துப் பிடரிக்குக் கீழே வைத்துக்கொண்டு நேரலை பார்க்கத் தொடங்கினேன். நேரலை, குழுச் செய்தி, ஒரு அறிக்கைக்கு மொழிபெயர்ப்பு, திரும்ப நேரலை. சாப்பாடும் கட்டிலுக்கே வந்தது. இரவு எத்தனை மணிக்கு நித்திரை ஆனேன் என்று தெரியாது.

அடுத்த நாள் எழும்பினால் கழுத்தைத் திருப்ப ஏலாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அம்மா சித்தாலேப பூசிவிட்டபடி சொன்னா: "கழுத்துக்கு வைத்தியம் பாக்கிறவளுக்கே கழுத்துப் பிடிச்சிருக்கு. எந்த நேரமும் உந்தப் போனைக் குனிஞ்சு பாத்தா வேற என்ன வரும்?"

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

கழுத்தில் என்ன நடக்கிறது?

ஒரு வளர்ந்த ஆளின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. தமிழ்க் கடையில் வாங்குகிற ஐந்து கிலோ அரிசிப் பையை நினைத்துக்கொள்ளுங்கோ. அதை ஏழு சின்ன எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் தாங்குகின்றன. பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் நெடுநேரம் பிடிக்கலாம். அதே பையைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கோ. எடை மாறவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். தலை முன்னுக்குப் போகும்போது பிடரித் தசைகளுக்கு நடப்பதும் அதுதான்.

2014 இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கணக்கு வெளியிட்டார். தலை நேராக இருந்தால் கழுத்தில் விழும் சுமை ஏறக்குறைய ஐந்து கிலோ, 15 பாகை குனிந்தால் 12 கிலோ, 30 பாகையில் 18, 45 பாகையில் 22, 60 பாகையில் 27 கிலோ என்று. அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், குடும்பக் குழுக்களில் சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் அது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. உயிருள்ள மனிதரின் கழுத்தை அளந்து எடுத்த எண் இல்லை. 27 கிலோ விழுவதால் கழுத்து பழுதாகும் என்று அது நிரூபிக்கவும் இல்லை.

2018 இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் 18 முதல் 21 வயது வரையான 150 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. போன் பார்க்கும்போது யார் அதிகம் குனிகிறார்கள், யாருக்குக் கழுத்து நோகிறது என்று ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. கூடக் குனிகிறவர்களுக்குக் கூட நோ என்று இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்த ஆய்வு அது, அதனால் போனுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆனால் "குனிந்தாய், அதனால் நோகிறது" என்கிற நேர்க்கணக்கு சரிவராது என்பது விளங்குகிறது.

கழுத்து கண்ணாடி இல்லை. குனிவதற்காகவும்தான் அது இருக்கிறது. வயலில் நாற்று நடுகிறவர் குனிகிறார், தையல் வேலை செய்கிறவர் குனிகிறார், பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் குனிகிறார். பிழை எங்கே வருகிறதென்றால் நெடுநேரம் ஒரே நிலையில் அசையாமல் இருப்பதில். தசைக்கு இறுக்கமும் வேண்டும், தளர்வும் வேண்டும். மெல்லிய இறுக்கமாக இருந்தாலும் மணிக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அது களைத்துப்போகும். களைத்த தசை உளையும். கழுத்தின் முன்பக்கத்தில் ஆழமாகச் சில சின்னத் தசைகள் இருக்கின்றன. கழுத்து நோ உள்ளவர்களில் பலருக்கு அவை சோர்ந்துபோயிருக்கும். அவற்றின் வேலையையும் சேர்த்துத் தோளின் மேல்தசைகள் செய்யும். அதனால்தான் உங்களில் பலருக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கல்லு மாதிரி இருக்கிறது.

இதோடு நித்திரையின்மையையும் மனப்பாரத்தையும் சேருங்கோ. நித்திரை குறைந்தால் அதே நோ கூடத் தெரியும். கவலையில் தோள் தன்பாட்டில் மேலே ஏறும். ஜூலை 9 அன்று நான் போன் மட்டும் பார்க்கவில்லை. பயந்துகொண்டும் பார்த்தேன்.

யாருடைய கழுத்து?

இனி அம்மாவின் வசனத்தில் உள்ள மற்றப் பாதி. "நீ குனிந்தாய்" என்று சொல்வது சுலபம். ஏன் குனிய வேண்டியிருக்கிறது என்று கேட்டால்தான் கதை தொடங்கும்.

இந்தக் கேள்வி புதிது இல்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளர்களின் நோய்கள் பற்றி எழுதிய புத்தகம் 1700 இல் வந்தது. 1713 இல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் எழுதினார். அவர்களின் நோவுக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: எந்நேரமும் உட்கார்ந்திருப்பது, கை விடாமல் ஒரே மாதிரி அசைவது, பிழை விடக்கூடாதே என்ற மனப்பதற்றம். முந்நூறு வருடத்துக்கு முந்தியது. இந்த மூன்றில் எது உங்கட வேலையில் இல்லை?

பிறகு தந்தி வந்தது. நாள் முழுக்கத் தந்திப் பொறியைத் தட்டிய தொழிலாளர்களுக்குக் கை இழுத்துக்கொண்டது. 1908 இல் பிரித்தானியாவில் தந்தித் தொழிலாளரின் அந்தக் கைப்பிடிப்பு, நட்டஈடு பெறக்கூடிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. 1911 இல் அதை விசாரித்த அஞ்சல்துறைக் குழு களைப்பை ஒரு காரணமாகச் சொன்னது, கூடவே தொழிலாளரின் நரம்புப் பலவீனத்தையும் சேர்த்துச் சொன்னது. வேலை கெடுத்த உடம்பைப் பார்த்து, "உன்ர உடம்பிலதான் பிழை" என்று சொல்வது அப்போதே தொடங்கிவிட்டது.

இன்றைக்கு அது நிமிர்ந்து இருக்கச் சொல்லும் விளம்பரமாக வருகிறது. முதுகில் கட்டுகிற பட்டி, குனிந்தால் சத்தம் போடுகிற கருவி, மாதச் சந்தா கட்டுகிற செயலி. குனியவைக்கிறவனும் விற்கிறான், நிமிர்த்துகிறேன் என்கிறவனும் விற்கிறான்.

எங்களோடு வேலை செய்கிற ஒரு தம்பி சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர். கழுத்து நோ என்று என்னிடம் கேட்டார். நான் படித்த பாடத்தை ஒப்புவித்தேன்: "அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போனை வைச்சிட்டு நிமிர்ந்து நில்லும் தம்பி." அவர் சொன்னார்: "அக்கா, நான் போனைப் பாக்காம விட்டா ஓடர் அடுத்தவருக்குப் போயிடும். நிமிர்ந்து நிக்கிற நேரத்துக்கு ஆர் காசு தருவினம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருக்குப் போன் பொழுதுபோக்கு இல்லை. அதுதான் அவருடைய மேற்பார்வையாளர், நேரக்கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம். களஞ்சியசாலையில் கையில் ஸ்கேனரோடு ஓடுகிற தோழருக்கும் அப்படித்தான். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அடுத்த முறைமாற்றத்தைப் போனில் தேடுகிற அன்ரிக்கும் அப்படித்தான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கோ. பிரித்தானியாவில் 1992 இல் வந்த திரைக்கருவிப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. நாளாந்தம், ஒரு மணித்தியாலமோ அதற்குக் கூடவோ தொடர்ந்து திரை பார்த்து வேலை செய்கிற ஊழியருக்கு அவை பொருந்தும். வேலைசெய்யும் இடத்தை முதலாளி மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடைவேளை அல்லது வேலை மாற்றம் கொடுக்க வேண்டும். கேட்டால் கண் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்ய வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்தாலும் இது பொருந்தும். கணினி மட்டும் இல்லை, மடிக்கணினி, டப்லெட், ஸ்மார்ட்போனும் இதில் அடங்கும். சுகாதார பாதுகாப்பு நிர்வாகத்தின் வழிகாட்டல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் எடுப்பதைவிட மணித்தியாலத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடம் எடுப்பது நல்லது என்கிறது. அலுவலகத்தில், கோல் சென்ரரில் வேலை செய்கிற தோழர்கள் இதைக் கேட்டு வாங்குங்கோ. வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கோ, திகதி இருக்கும்.

மற்றப் பக்கம் பாருங்கோ. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்று ஏற்றுக்கொண்டது. ஆகக் குறைந்த சம்பளமும் சம்பளத்தோடு விடுமுறையும் அவர்களின் உரிமை என்றானது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம், சாப்பாடு கொண்டுபோகும் நிறுவனமொன்றின் ஓட்டுநர்களுக்கு அந்த நிறுவனத்தோடு வேலையுறவு இல்லை, ஆகவே கூட்டுப் பேரத்துக்குத் தொழிற்சங்கத்தை ஏற்கவைக்கும் உரிமையும் இல்லை என்றது. ஒரே நகரம், ஒரே தெரு, கையில் ஒரே மாதிரிப் போன். ஆனால் எந்தக் கடதாசியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து இடைவேளை கிடைக்கிறது, கிடைக்காமல் போகிறது.

அதனால், "ஜிம்மில சொல்லிக் குடுக்கிறதை ஏன் கதைக்கவேணும்" என்று கேட்ட தோழருக்கு என் பதில்: பயிற்சி வேண்டும், ஏனென்றால் நோ இன்றைக்கே இருக்கிறது. பயிற்சி மட்டும் போதாது, ஏனென்றால் அதைச் செய்கிற ஐந்து நிமிடத்தையும் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போது எழும்புங்கோ

இந்தப் பகுதியைக் கேட்டுக்கொண்டிருக்க விடமாட்டேன். எல்லோரும் செய்ய வேணும். விதி ஒன்றுதான்: மெதுவாக, மூச்சை அடக்காமல். கொஞ்சம் இழுக்கிறது, இறுக்கமாக இருக்கிறது என்றால் பரவாயில்லை. குத்துகிற நோ, கைக்கு இறங்குகிற மின்னல் மாதிரி நோ, தலைச்சுற்று வந்தால் நிற்பாட்டுங்கோ.

முதலாவது, நாடியை உள்ளே இழுப்பது. நேரே முன்னுக்குப் பாருங்கோ. நாடியை மேலே தூக்கவும் வேண்டாம், கீழே குனிக்கவும் வேண்டாம். லாச்சியைத் தள்ளி மூடுவதுபோல் முகம் முழுவதையும் நேரே பின்னுக்குக் கொண்டுபோங்கோ. நாடிக்குக் கீழே இன்னொரு நாடி வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். யாரும் படம் எடுக்க வேண்டாம். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கோ. பத்துத் தடவை. சோர்ந்த முன்கழுத்துத் தசைகளை எழுப்புகிற பயிற்சி இது. பஸ்சுக்கு நிற்கும்போதும் செய்யலாம்.

இரண்டாவது, திருப்புவதும் சாய்ப்பதும். தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பித் தோளுக்கு மேலால் பாருங்கோ, பிறகு இடப்பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஐந்து. அடுத்ததாகக் காதைத் தோள் பக்கம் சாயுங்கோ. தோளைக் காதிடம் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அதுவும் ஐந்து ஐந்து.

மூன்றாவது, கல்லாக இருக்கிற பக்கத்தசைக்கு. கதிரையில் இருந்து வலக்கையால் கதிரையின் அடிப்பலகையைப் பிடியுங்கோ. தலையை இடப்பக்கம் சாய்த்து, பார்வையை இடது கமக்கட்டுப் பக்கம் கொஞ்சம் இறக்குங்கோ. வலப்பக்கக் கழுத்திலிருந்து தோள்வரை இழுக்கும். 20 முதல் 30 செக்கன் அப்படியே நின்று மூச்சு விடுங்கோ. மற்றக் கையால் தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தலையின் பாரமே போதும். பக்கத்துக்கு இரண்டு தடவை.

நான்காவது, தோள்பட்டை எலும்புகள். இரண்டையும் முதுகுக்கு நடுவில் கிட்டக் கொண்டுவந்து கொஞ்சம் கீழே இறக்குங்கோ. நெஞ்சைத் துருத்த வேண்டாம், இராணுவ அணிவகுப்பு இல்லை இது. ஐந்து எண்ணுங்கோ, விடுங்கோ. பத்துத் தடவை.

ஐந்தாவது, மேல்முதுகு. கழுத்து நோ உள்ளவர்களில் பலர் மேல்முதுகை மறந்துவிடுகிறார்கள். அது இறுகினால் கழுத்து கூட வேலை செய்யும். முதுகுச்சாய்வு தோள்பட்டைக்குக் கீழே முடிகிற கதிரை வேண்டும், சில்லு இல்லாத கதிரை. இரண்டு கையையும் பிடரியில் கோத்துத் தலையைத் தாங்குங்கோ. மூச்சை விட்டபடி கதிரையின் மேல்விளிம்புக்கு மேலால் மெல்லப் பின்னுக்கு வளையுங்கோ. நாரியை வளைக்க வேண்டாம், மேல்முதுகு மட்டும். ஐந்து தொடக்கம் எட்டுத் தடவை.

ஆறாவது, கையை எதிர்த்துத் தள்ளுவது. உள்ளங்கையை நெற்றியில் வையுங்கோ. தலையால் கையைத் தள்ளுங்கோ, கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலையும் அசையக் கூடாது. முழுப்பலம் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். ஐந்து எண்ணுங்கோ. பிறகு பிடரியில், வலப்பக்கம், இடப்பக்கம். ஒவ்வொரு திசைக்கும் மூன்று முதல் ஐந்து தடவை.

ஏழாவது, பயிற்சிக்கான ரப்பர் பட்டி. விலை கூட இல்லை. பட்டியின் நடுவில் மிதித்து நின்று இரண்டு நுனியையும் பிடியுங்கோ. முழங்கையைக் கொஞ்சம் மடித்து இரண்டு கையையும் தோள் உயரம்வரை தூக்கி, மெதுவாக இறக்குங்கோ. நேர் பக்கவாட்டில் இல்லாமல் கொஞ்சம் முன்னுக்கு வரட்டும். இரண்டு நிமிடம், அல்லது கை களைக்கும்வரை. பட்டி இல்லாதவர்கள் தண்ணீர்ப் போத்தலோடு தொடங்கலாம்.

இந்தக் கடைசிப் பயிற்சியை ஏன் சேர்த்தேன் என்றால், டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் நோ உள்ள 198 அலுவலக ஊழியர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2011 இல் வந்தது. ஒரு குழு நாளுக்கு 2 நிமிடம், இன்னொரு குழு 12 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், பத்து வாரம். மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை, உடல்நலத் தகவல் மட்டும். பயிற்சி செய்த இரண்டு குழுவுக்கும் நோ குறைந்தது. 2 நிமிடத்துக்கும் 12 நிமிடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டே நிமிடம், ஆனால் விடாமல். ஒருநாள் ஒரு மணித்தியாலம் செய்துவிட்டு ஒரு மாதம் மறப்பதில் பயன் இல்லை. முதல் கிழமையில் மாற்றம் தெரியாது. ஆறு, எட்டுக் கிழமை கொடுங்கோ.

கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும்: "கழுத்தில நெட்டி முறிக்கலாமா?" தானாகச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் ஆறுதலுக்காகத் தலையைப் பிடித்து வெட்டித் திருப்ப வேண்டாம், மற்றவரைக்கொண்டு செய்விக்கவும் வேண்டாம்.

போனும் கட்டிலும்

போனைக் கண் மட்டத்துக்குத் தூக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நாள் முழுக்கத் தூக்கினால் தோள் நோகும். மற்றக் கையை நெஞ்சோடு மடித்து அதன் மேல் முழங்கையை வையுங்கோ, அல்லது மடியில் பையை வைத்து அதன் மேல் கையை வையுங்கோ. போன் தன்பாட்டில் உயரும். தலையைக் குனிப்பதற்குப் பதிலாகக் கண்ணைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கோ. நீண்ட பதிலைக் குரலில் அனுப்புங்கோ, அறிக்கை எழுதுவதென்றால் மேசையில் எழுதுங்கோ. எந்த நிலையும் பிழை இல்லை, அரை மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே இருக்காமல் விட்டால் சரி.

கட்டிலில் தலகணியை மடித்துப் போன் பார்ப்பதுதான் என் அனுபவத்தில் ஆக மோசம். நாடி நெஞ்சில் முட்டியபடி ஒரு மணித்தியாலம். அப்படியே நித்திரையும் ஆகிவிடுவோம்.

எப்போது பயிற்சி வேண்டாம்?

இதைக் கவனமாகக் கேளுங்கோ. கை அல்லது விரல் விறைப்பு, பலக்குறைவு தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் போங்கோ. விழுந்தோ வாகன விபத்திலோ வந்த கழுத்து நோ என்றால் பயிற்சி செய்யாமல் முதலில் காட்டுங்கோ. சைக்கிள் ஓடுகிற தோழர்களுக்கு இது முக்கியம். காய்ச்சலோடு வருகிற நோ, காரணமில்லாமல் மெலிவது, இரவில் ஓய்விலும் விடாத நோ, இவையும் காட்ட வேண்டியவை. சேர்ட் பொத்தான் பூட்டத் தடுமாற்றம், நடக்கும்போது தள்ளாட்டம், சலம் மலம் அடக்க முடியாமை, திடீரென்று வந்த கடுந்தலையிடி, பேச்சுத் தடுமாற்றம், இரட்டைப் பார்வை என்றால் அன்றைக்கே அவசர சிகிச்சை. "வேலைக்கு லீவு போட ஏலாது" என்று தள்ளிப் போடாதேங்கோ. எங்கட சனம் தள்ளிப் போட்டுத்தான் பழக்கம்.

எங்கட அமைப்புக்குள்

முதலாளியைப் பற்றிக் கதைத்தோம். இனி எங்களைப் பற்றி.

இலங்கையில் விடியும்போது இங்கே நள்ளிரவு. கோடைகாலத்தில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே ஒரு கைது, ஒரு காணி பறிப்பு என்றால் செய்தி எங்களுக்குக் கட்டிலில்தான் வருகிறது. பார்க்காமல் படுத்தால் குற்றவுணர்வு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வருடக்கணக்காகத் தெருவில் இருக்கிறார்கள், எனக்குக் கழுத்து நோ ஒரு நோவா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் என் கழுத்துப் பிடித்த அந்தக் கிழமையில் நான் எந்தத் தாய்க்கும் எந்த உதவியும் செய்யவில்லை. ஒரு மொழிபெயர்ப்பும் முடிக்கவில்லை. படுத்துக் கிடந்தேன்.

எங்கட சமூக ஊடக வேலையை இரண்டு வருடமாக ஒரே ஒரு தங்கச்சி செய்தா. எவ்வளவு கெட்டிக்காரி என்று எல்லோரும் பாராட்டினோம். இரவு இரண்டு மணிக்குச் செய்தி போட்டாலும் பதில் வரும். தலையிடி, கழுத்து உளைவு, நித்திரை இல்லை என்று மூன்று தடவை குழுவில் எழுதினா. நாங்கள் இதயக்குறி போட்டோம். நானும் போட்டேன், பிசியோதெரபிஸ்ட் நான். ஒருநாள் குழுவை விட்டே போய்விட்டா. அவ திரும்பி வரவில்லை. முதலாளி செய்தால் சுரண்டல் என்று துண்டுப்பிரசுரம் அடித்திருப்போம்.

அதனால் நாலு முன்மொழிவு வைக்கிறேன். விவாதித்து முடிவெடுங்கோ.

ஒன்று, கூட்டங்களில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் எழும்புவது. இணையக் கூட்டத்திலும். தலைமை தாங்குகிறவரின் பொறுப்பு அது.

இரண்டு, இரவு 11 முதல் காலை 7 வரை குழுவில் வேலை ஒப்படைப்பதில்லை. அவசரம் வரும், வராமல் இருக்காது. அதற்கு முறை வைத்து ஒருவர் விழித்திருப்பார், அடுத்த நாள் அவருக்கு ஓய்வு. மற்றவர்கள் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுக்கலாம்.

மூன்று, சமூக ஊடகம், மொழிபெயர்ப்பு, காணொளி வேலை எதையும் மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரே செய்யக் கூடாது. இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக் கைமாற்ற வேண்டும்.

நான்கு, வேலைத்தலத்தில் நோ வருகிறவர்கள் எழுதி வைப்பது: எந்த நாள், எத்தனை மணித்தியால வேலை, இடைவேளை கிடைத்ததா, எங்கே நோகிறது. தனியாக எழுதினால் அது உங்கட உடம்புப் பிரச்சினை. ஒரே இடத்தில் வேலை செய்கிற பத்துப் பேர் எழுதினால் அதைக் கொண்டு தொழிற்சங்கத்திடம் போகலாம், முதலாளியிடம் மதிப்பீடு கேட்கலாம். சங்கத்தில் இல்லாதவர்கள் சேருங்கோ. ஓட்டுநர்களுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. நீதிமன்றம் கூட்டுப் பேர உரிமையைத்தான் மறுத்தது, ஒன்று சேர்வதை அது தடுக்கவில்லை.

சைக்கிள் ஓடுகிற அந்தத் தம்பி இன்றைக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில் நிற்கிறார். சிக்னலில் நிற்கும்போது நாடியை உள்ளே இழுக்கிறாராம், பக்கத்து ஓட்டுநர்கள் பார்த்துச் சிரிக்கிறார்களாம். இரண்டு பேர் என்னவென்று கேட்டுப் பழகியும் இருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கிற நேரத்துக்கு ஆர் காசு தருவினம் என்ற அவருடைய கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த இரண்டு பேரோடும் சேர்ந்து அதைக் கேட்கத் தொடங்கலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது ரப்பர் பட்டியோ தண்ணீர்ப் போத்தலோ கொண்டுவாங்கோ. இப்போது கேள்விகளுக்கு முதல் இன்னொருக்கா எழும்புங்கோ. தோளை இறக்குங்கோ, நாடியை உள்ளே எடுங்கோ, மெதுவாக ஐந்து எண்ணுங்கோ.